பருத்திப்பட்டு நிலத்தை நீ வாங்கப் போவதில்லை

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெற்றவளிடம் தோட்டத்துப் பத்திரத்தைக் கேட்டு நாலே வரியில் கடுதாசி எழுதுகிறவனுக்கு உடம்பில் என்ன குறை இருக்கும்? "வெள்ளிக்கிழமை பூந்தமல்லி பத்திர ஆபீசில் மாமா நிலத்தை என் பேருக்கு எழுதிக்கொள்கிறேன், நம் மல்லித் தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து வை, அதை அடகு வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும், யாரிடமும் மூச்சு விடாதே" என்று எழுதியிருக்கிறாய். மாமா என்று நீ எழுதியது யாரை? என் கூடப் பிறந்த அண்ணனை. வருகிற தையில் தன் மகளை உனக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறவரை. அவரிடம் ஒரு சூதை வைத்துக்கொண்டு நிலம் வாங்குவாய், அதற்கு நான் மூச்சை அடக்கிக்கொண்டு பத்திரம் எடுத்து வைக்க வேண்டும், அப்படித்தானே? பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை நான் படித்தது இந்த மாதிரிக் கடுதாசியைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பதற்கில்லை. உட்கார்ந்து படி. நடுவில் எழுந்து போகாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆவடியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் நுழைந்து, என் காதோரம் குனிந்து சொன்னது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "யம்மா, ஒரு சங்கதி சொல்றேன், வெளிய வுடாதே. எங்க கண்டிராக்டர் மேஜ மேல ஒரு படம் கெடந்துச்சு. பட்டாளத்துக் கொட்டாய்ங்க எங்கெங்க வருதுன்னு வரஞ்சி வெச்சிகிறாங்க. புது ரோடு ஒண்ணு மாமா நெலத்த ஒட்டிகினே போவுது. சோல்ஜருங்க போற ரோடும்மா! நாலு கட கட்டி வுட்டா அவ்ளோதான், நம்ம கஷ்டமெல்லாம் தீந்துச்சு" என்றாய். மாமாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா குடுப்பாரா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே ஒரு அறை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. சம்பாதிக்கிற பிள்ளை ஆயிற்றே என்று கை வரவில்லை. நீ கேட்டதும் மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். "நான் வாய மூடறதுக்குள்ள சரின்ட்டாரும்மா. கல்யாணச் செலவுக்குக் கைல காசு இல்ல, அதான்" என்றாய். உனக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கு அப்போதே என்னவோ உறுத்தியது, ஆனால் உலையில் அரிசி போட்டிருந்தேன், கஞ்சி வடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை உன் அத்தை, என் அண்ணி, பூ வாங்குகிற சாக்கில் தோட்டத்துக்கு வந்தாள். பூவை மடியில் வாங்கிக்கொண்டவள் போகவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். "நாத்தனாரே, உங்கிட்ட சொல்லாம எனுக்கு சோறு எறங்கல. சர்வேக்காரன் வந்து நம்ம நெலத்துக்கு நட்ட நடுவுல கல்லு நட்டுட்டுப் பூட்டான். பட்டாளத்துக்கு எடுத்துக்கப் போறாங்களாம், கர்ணம் சொன்னாரு. சர்க்கார் காசு எப்ப வரும், இன்னா வரும்னு எவனுக்கும் தெரியாதாம். உங்கண்ணன் இன்னா பண்றதுன்னு முழிச்சிகினு குந்திகினு இருந்தாரு. அந்த நேரம் பாத்து மாப்ள வந்து நெலத்தக் கேட்டாரு" என்றாள். அண்ணன் என்ன சொன்னார் என்றேன். "'எம் மாப்ள தங்கம்டி, கல்யாணச் செலவுக்கு நான் தவிக்கறேன்னு தெரிஞ்சிகினு, என்னக் கை நீட்ட வெக்காம, நெலம் வாங்கற மாரி காசு குடுக்கறான்'னாரு. சொல்லிட்டு, நேரா நெலத்துக்குப் போயி அந்தக் கல்லப் புடுங்கி வேலியோரமா கடாசிட்டாரு" என்றாள். கட்டிக்கொடுக்கப் போகிற மகளின் புருஷன் தலையில் அந்த நிலத்தைக் கட்டிவிட என் அண்ணன் கல்லைப் பிடுங்கியிருக்கிறார். எனக்கு யார் மேல் முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இப்போது சொல், பெரிய படிப்பாளி. நிலம் ஒன்றுதான். நாளைக்கு அதன் விலை ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். வாங்கினவனுக்கு ஏறி, விற்றவனுக்கு இறங்கிய நிலம் என்று ஒன்று இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் கிடையாது. ஆனால் நீ ஏறும் என்று சிரிக்கிறாய், அவர் தொலைந்தது என்று சிரிக்கிறார். உனக்குத் தெரிந்தது ஒரு படம். அவருக்குத் தெரிந்தது ஒரு கல். நீ வந்து கேட்டாய் அல்லவா, அதுவே அவருக்கு ஒரு சேதி. பட்டாளத்துக் கண்டிராக்டரிடம் கணக்கு எழுதுகிற பையன், திடீரென்று நம் நிலத்தை ஏன் கேட்கிறான் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். நீ வாய் மூடுவதற்குள் அவர் சரி என்றார் அல்லவா, அது உனக்கு ஒரு சேதி. பாட்டன் காலத்து நிலத்தை இந்த மனுஷன் ஏன் பேரம்கூடப் பேசாமல் கொடுக்கிறார் என்று நீ யோசித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் யோசிக்கவில்லை. உன் வசதிக்கு நீ ஒரு கதை கட்டிக்கொண்டாய், பாவம் பணமுடை என்று. அவர் வசதிக்கு அவர் ஒரு கதை கட்டிக்கொண்டார், தங்கமான மாப்பிள்ளை என்று. எதிரில் இருப்பவன் ஒன்றும் தெரியாதவன் என்று நம்பினால்தானே நமக்கு நல்ல வியாபாரம் கிடைத்ததாகச் சந்தோஷப்பட முடியும்? அதற்காக அவனை ஏழையாகவோ நல்லவனாகவோ ஆக்கிவிடுகிறோம்.

இதை எங்கே கற்றாய் என்று கேட்பாய். பட்டு அனுபவித்துத்தான் கற்றேன். நீ நாலு வயசுப் பிள்ளை அப்போது. செம்பரம்பாக்கத்துக்காரர் ஒருவர் திருமழிசைக்குப் போகிற வழியில் மல்லித் தோட்டம் வைத்திருந்தார். செடி கவாத்து பண்ணி, தளிர் விட்டு, மொக்கு தலைகாட்டுவதற்கு முன்பே ஒரு பருவத்துப் பூவை மொத்தமாகப் பேசி விற்றுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் வைகாசியில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். பூ விலை எங்கேயோ போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டேன், பஞ்சாங்கம் என்னவோ எனக்கென்றே அச்சடித்த மாதிரி! துண்டைப் போட்டு மறைத்து, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், நீ சந்தையில் பார்த்திருக்கிறாய். பெண்பிள்ளை அதில் கை விட முடியாது. அதனால் உன் அப்பாவை அனுப்பினேன். அந்த மனுஷனுக்குச் செடியைத் தெரியும், தண்ணீர் பாய்ச்சத் தெரியும், வியாபாரம் தெரியாது. "இதுக்கு மேல ஒரு விரல்கூடப் போவாதே" என்று நான் கடைசி விலையைச் சொல்லி அனுப்பினால், அவர் அதையே முதல் விலையாகப் பிடித்துவிட்டார். செம்பரம்பாக்கத்துக்காரர் விரலை விடவே இல்லையாம். அப்படியே இறுக்கி, முடிந்தது என்று துண்டை உதறிவிட்டார்.

உன் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். "இன்னா அப்டி மொறச்சிகினு பாக்கற? மறுபேச்சே பேசல அந்த ஆளு, முடிச்சிட்டேன்" என்றார். மறுபேச்சு பேசாமல் ஒருவன் கொடுத்தான் என்றால் அவனுக்கு ஏதோ தெரியும். உள்ளே பிடித்த விரலே அதைச் சொல்கிறது, ஆனால் அது சொல்லும்போது கை சிக்கியாகிவிட்டது, பேச்சு கொடுத்தாகிவிட்டது. அப்போதும் நான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவருக்குப் பெண் கல்யாணம் வருகிறதாம், அவசரம், அதனால்தான் கொடுத்தார் என்று. நீ போன வாரம் சொன்ன அதே சொல்தான், பார்த்துக்கொள். வைகாசி வந்தது. முகூர்த்தமும் வந்தது, விலையும் ஏறியது. நாங்கள் பேசி எடுத்த தோட்டத்தில் மட்டும் மொக்கு செங்கருப்பாக நிறம் மாறி, விரல் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே புழு. போன பருவமே விழுந்த புழு அது. அவருக்குத் தெரியும். முகூர்த்தம் எனக்குத் தெரியும், புழு அவருக்குத் தெரியும், இரண்டு பேரும் துண்டுக்கு அடியில் ஒருவரையொருவர் முட்டாளாக்கினதாக நினைத்துக் கை குலுக்கினோம்.

அதோடு நின்றிருந்தால் ஏமாந்தவள் என்ற பேரோடு போயிருக்கும். நான் நிற்கவில்லை. இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உனக்கு அஞ்சலை சின்னம்மாவை ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டியவள், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றியவள். அவள் ஒரு நாள், "அக்கா, இந்தத் தோட்டத்துல மிச்சப் பருவத்த எனுக்கு வுட்ருங்களேன், அண்ணனுக்கு உடம்பு முடியல, நீங்க எப்டி தனியா பாப்பீங்க" என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு அப்போது காய்ச்சல். அவள் அந்தக் காரணத்தைத் தானே கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். புழு விழுந்திருக்குடி, வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொல் போதும். "சரி, எடுத்துக்கோ" என்றேன். காதில் கிடந்த தோட்டை விற்றுக் கொடுத்தாள். ஆடிக்குள் தோடும் இல்லை, பூவும் இல்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பட்டணத்துக்கு மில் வேலைக்குப் போய்விட்டாள். சின்னம்மா ஏன் வருவதில்லை என்று நீ மாசக் கணக்கில் கேட்டாய். அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொன்னேன். செம்பரம்பாக்கத்துக்காரரை நான் எத்தனை வருஷம் வாயாரச் சபித்தேனோ, அத்தனையும் எனக்கும் பொருந்தும். அஞ்சலை என்னைச் சபித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் யாரும் எதையும் வாங்கவே கூடாதா, விற்கவே கூடாதா என்று குதர்க்கம் பேசுவாய். பேசாதே. விடிவதற்கு முன்னால் மொக்கைப் பறித்துக் கூடையில் கட்டி, கரியில் ஓடுகிற அந்தப் பாழாய்ப்போன பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஏறி, பட்டணத்துக்குப் போய் விற்கிறேனே, அது வியாபாரம். எனக்குப் பூ மிச்சம், அரிசி வேண்டும். வாங்குகிறவளுக்குப் பூ வேண்டும். என் கூடையில் என்ன இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்க்கிறாள், மொக்கை நசுக்கிக்கூடப் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்தபிறகும் அவள் வாங்குவாள், நானும் விற்பேன், இரண்டு பேரும் சிரித்தபடி போவோம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி இங்கே ஓடி வந்ததே, நம் தெருவில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்களே, அப்போது வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவர்களைப் பார்த்தோம். குண்டு விழுமா விழாதா என்பது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. ஒருவன் பிள்ளைகுட்டிக்குப் பயந்து விற்றான், இன்னொருவன் துணிந்து வாங்கினான். அதிலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாதது வேறு, எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைப்பது வேறு. நீ செய்வது இரண்டாவது. உனக்குத் தெரிந்ததை மாமாவிடம் சொன்னால் அவர் விற்க மாட்டார். அவருக்குத் தெரிந்ததை உன்னிடம் சொன்னால் நீ வாங்க மாட்டாய். வாயைத் திறந்தால் செத்துப்போகிற இந்த வியாபாரத்துக்கு நான் என் தோட்டத்தைக் கொடுக்க வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக் குமைந்து குமைந்து புண்ணாகிவிட்டது. அந்த நிலத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அதில் களை எடுத்திருக்கிறேன், ஏற்றம் மிதித்திருக்கிறேன். பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்கு அதில் ஒரு பிடி மண் எனக்குக் கிடையாது. சரி, போகட்டும், அண்ணன் ஆளட்டும் என்று இருந்தேன். இப்போது அதே மண்ணை வைத்து என் அண்ணன் என் பிள்ளையை ஏமாற்றுகிறார், என் பிள்ளை என் அண்ணனை ஏமாற்றுகிறான். உன் சூதை நீ சொல்லி, அவர் சூதை அண்ணி சொல்லி, இரண்டு பேருக்காகவும் நான் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமில்லையா? படம் மெய்யா, கல் மெய்யா என்று எனக்குத் தெரியாது. படத்தில் போட்ட கோடு நாளைக்கு மாறலாம். கல் நிலத்தை எடுக்க நட்டதாகவும் இருக்கலாம், நீ சொல்கிற ரோட்டுக்கு எல்லை காட்ட நட்டதாகவும் இருக்கலாம். யுத்தமே நின்று பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். எதுவானாலும் பத்திரம் என் பெட்டியில்தான் இருக்கும். சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

இதுவரை எழுதியதை நேற்றுத் தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்று காலையில் இதை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்கு நடந்தே போனேன். உன் மாமாவை எதிரில் உட்காரவைத்து, அவரைப் பற்றி எழுதியதையும் உன்னைப் பற்றி எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அஞ்சலையைப் பற்றி எழுதியதையும் வாசித்தேன். ரோடு என்ற இடம் வந்ததும் அவர் துள்ளி எழுந்தார். "ரோடு வருதா? அட கம்னாட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! நெலமும் கெடயாது ஒண்ணும் கெடயாது, நான் தர மாட்டேன்" என்று கத்தினார். கல் என்ற இடம் வந்ததும் தானாகவே உட்கார்ந்தார். "இத்த அவனும் படிப்பான் இல்ல? அப்ப அவனும் வாங்க மாட்டான்" என்றார். "நீ எனுக்குத் தங்கச்சியா, அவனுக்கு அம்மாவா? யாருக்கும்மா வேல செய்யற நீ?" என்று என்மேல் பாய்ந்தார். இரண்டு பேருக்கும்தான் என்றேன். எனக்கும் அவருக்கும் குரல் ஏறிப்போய் அக்கம்பக்கத்தில் எட்டிப்பார்த்தார்கள். உங்கள் வியாபாரம் அவ்வளவுதான், முடிந்தது. கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை யாரும் வரப்போவதில்லை.

நான் சண்டையை முடித்துவிட்ட நினைப்பில் புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன். கன்னியம்மா கதவோரம் நின்றிருந்தாள். முதலிலிருந்து நின்றிருக்கிறாள், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள், நாங்கள் பேசின பேச்சில் அவள் பேரே வரவில்லை. அவள் அழவில்லை. அவள் அப்பாவைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "அத்தே, நெலத்துக்குப் படிச்சீங்க, புரிஞ்சிது. எனுக்கும் இத மாரி ஒண்ணு படிங்க. என்னக் கேட்டு வந்தப்போ அவரு எத்த மறச்சாரு? என்னத் தரேன்னு சொன்னப்போ எங்கப்பா எத்த மறச்சாரு?" என்று கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஆவடியில் வேலை நிலையானதில்லை, யுத்தம் முடிந்தால் போய்விடும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் நான். இன்றும் அதை அவளிடம் சொல்லாமலே நடையைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நீ நேரே இங்கே வராதே. பருத்திப்பட்டில் இறங்கி, எல்லோர் முன்னாலும் அவளுக்குப் பதில் சொல். முதலில் சொல்ல வேண்டியது நான்தான் என்பதால் நானும் அங்கே வந்திருப்பேன். அத்தனையும் கேட்டபிறகும் அவள் சரி என்றால் தையில் கல்யாணம்.

உன்னைப் பெற்றவள்